உப்புக்காற்றில் ஒரு பானெட்

முதலில் டீக்கு நன்றி, மேடம். சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும் நாலு ஸ்பூன் போட்டுக் கொண்டுவந்தார்கள். பரவாயில்லை, குடித்துவிட்டேன். வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததையெல்லாம் என் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். பேனா கொஞ்சம் கசிகிறது. எழுத்து அங்கங்கே தடித்துத் தெரிந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் பெயர் பரணிதரன். வயது அறுபத்து மூன்று. புதுப்பட்டினத்தில் சொந்த வீடு. கல்பாக்கத்தில் ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்காக முப்பத்தோரு வருடம் காற்றோட்டப் பிரிவில் வேலை பார்த்தேன். எந்த அறைக்குள் எவ்வளவு காற்று போகவேண்டும், உள்ளே இருப்பது எந்தக் குழாய் வழியாக வெளியேற வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஒரு நாள்கூட என் பேரில் புகார் வந்ததில்லை. ரிட்டயர் ஆன அன்று சால்வை போர்த்தி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அது இன்றைக்கும் சரியாக ஓடுகிறது. நான் ஒழுங்கான ஆள் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டால் மற்றதைப் புரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபம் என்பதால் இதையெல்லாம் சொல்கிறேன்.

ரிட்டயர் ஆன வருடம் ஒரு கார் வாங்கினேன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அறுபத்தாறாம் வருட மாடல், இரண்டு கதவு. திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு புளியந்தோப்பில் நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. டயர் கிடையாது, உட்கார்ந்துதான் இருந்தது. உள்ளே ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்த பிறகு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் தோப்புக்காரர். இருபத்தொரு நாள் காத்திருந்தேன். நான் பொறுமைசாலி என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமென்றால் அந்தக் கோழியைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்.

டெம்போவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கியதும் என் மனைவி விஜயகுமாரி சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாங்க, ரிட்டயர் ஆனது நீங்களா, இந்த வண்டியா?" என்றாள். அவளுக்குப் பேச்சு அப்படித்தான்.

கார் வாங்குவது கஷ்டமே இல்லை, மேடம். பார்ட்ஸ்தான் கஷ்டம். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆயிற்று. சென்னைக்குப் போய்ப் புதுப்பேட்டையில் எட்டு நடை ஏறி இறங்கினேன். ஹெரால்டு என்றாலே கடைக்காரர்கள் எனக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அனுதாபம்தான். ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். "சார், அந்த வண்டிக்கு பார்ட்ஸு கடையில இல்ல. யார் வூட்லயாவது வேற வேஷத்துல கீது. நீங்கதான் கண்டுபுடிக்கணும்."

அவர் சொன்னது சத்தியம். மதுராந்தகத்தில் ஒரு கறிக்கோழிக் கடையின் ஐஸ் பெட்டிக்கு ஹெரால்டின் கதவுக் கைப்பிடியைப் போட்டிருந்தார்கள். நேராகக் கேட்டால் விலை ஏறும் என்று நாலு ஞாயிற்றுக்கிழமை அங்கே கோழி வாங்கினேன். ஐந்தாவது வாரம் ஒரு புதுக் கைப்பிடியைக் கொண்டுபோய், "இது பளபளன்னு கீது பாரு, மாத்திக்கோ" என்று அன்பளிப்பாகவே மாட்டிக்கொடுத்துப் பழையதை எடுத்துவந்தேன். கடைக்காரருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். பின்சீட்டு செங்கல்பட்டில் ஒரு சலூனில் காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சாக இருந்தது. அதற்காக மாதம் மூன்று முறை முடிவெட்டிக்கொண்டேன். சீட்டு கைக்கு வந்தபோது தலையில் வெட்ட ஒன்றும் மிச்சமில்லை.

"அந்த ஓட்ட வண்டிக்கு பிடி தேடி மதுராந்தகம் போறீங்க. நம்ம வூட்டு ஃப்ரிட்ஜு பிடி ஒடஞ்சி ரெண்டு வருசமா கயிறு கட்டி இழுத்துகினு கீறேன்" என்றாள் விஜயகுமாரி. மாற்றித் தருகிறேன் என்று சொன்னேன். இன்னும் மாற்றவில்லை. அதை மட்டும் நினைத்தால் மனது உறுத்துகிறது.

பிறகு எனக்கென்று ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டேன். நம் பக்கத்தில் யாராவது இறந்துபோனால் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவார்கள் அல்லவா? காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போஸ்டர் படிக்கப் போவேன். எழுபதைத் தாண்டியவர், டாக்டர், மிராசு, ரைஸ் மில் முதலாளி என்று போட்டிருந்தால் அந்த வீட்டுக் கொட்டகையில் பழைய கார் இருக்க வாய்ப்பு உண்டு. விலாசத்தைக் குறித்துக்கொள்வேன். மாலையோடு போய் ஓரமாக நின்று, கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். கருமாதி முடியும்வரை வாயைத் திறக்கமாட்டேன். பதினேழாம் நாள்தான் பேச்சு. துக்க வீட்டில் நாகரிகம் முக்கியம்.

சதுரங்கப்பட்டினத்தில் ஜெகதாம்பாள் என்று ஒரு அம்மாள். வீட்டுக்காரர் போய்ப் பதினேழாவது நாள் போனேன். அந்தக் கொட்டகையில் ஹெரால்டின் பின்விளக்கு இரண்டும் கண்ணாடி உடையாமல் இருந்தன. அந்த அம்மாள் தரமாட்டேன் என்றார். வீட்டுக்காரர் தொட்ட பொருள், இருக்கட்டும் என்றார். அவருடைய வீட்டுக்காரரை நான் உயிரோடு பார்த்ததே இல்லை. ஆனால் அவர் என் கனவில் வந்து, அந்த விளக்குகளை பரணியிடம் கொடுக்கச் சொன்னதாகச் சொன்னேன். அந்த அம்மாள், "என்னப் பத்தி எதுனா சொன்னாரா?" என்று கேட்டார்.

"பிரஷர் மாத்திரய நிறுத்திடாதன்னு சொல்லச் சொன்னாரும்மா."

அழுதார். பிறகு இரண்டு விளக்கையும் ஒரு பை முருங்கைக்காயையும் கொடுத்து அனுப்பினார். மாத்திரையை இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று கேள்வி. அதில் என் பங்கும் உண்டு.

மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு ரிசார்ட்டில் ஹெரால்டுக்கு ரோஸ் நிறம் அடித்து, முன்மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, எஞ்சின் இருந்த இடத்தில் குரோட்டன்ஸ் வளர்த்தார்கள். அதன் ஸ்பீடோமீட்டரை விஜயகுமாரி பஃபேயில் பாயசம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் கழற்றி எடுத்துக்கொண்டேன். இதைத் திருட்டு என்று நீங்கள் எழுதிக்கொள்வதாக இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எஞ்சினில் செடி வளர்க்கிறவர்கள் மீது கேஸ் போடச் சட்டத்தில் இடமில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இப்படியாக ஐந்து வருடத்தில் ஒன்று பாக்கி, மற்றதெல்லாம் சேர்ந்துவிட்டது. பாக்கி இருந்தது பானெட்.

ஹெரால்டின் பானெட் மற்றக் கார்களில் இருப்பதுபோல வெறும் மேல்மூடி இல்லை. முகம், இரண்டு பக்கத்து மட்கார்டு, எல்லாம் சேர்ந்து ஒரே துண்டு. அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். அந்த அழகைப் பார்க்கத்தான் நான் அந்தக் காரையே வாங்கினேன். என் வண்டியின் பானெட் எந்தக் காலத்திலோ லாரியில் முட்டி நசுங்கி, ஈயம் வைத்து நிரவி, மேலே பட்டி பார்த்துப் பூசியது. பரனூரில் டிங்கர் வேலை செய்யும் முனிசாமி அதைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். "சார், இது பானெட்டு இல்ல, அப்பளம். தட்டுனா நொறுங்குது. வேற பாருங்க" என்றார்.

வேறு பானெட் ஒன்றே ஒன்று இருந்தது. அது ஓவர்சியர் அண்ணனிடம் இருந்தது.

பக்தவத்சலம் என்பது அவர் பெயர் என்று உங்களுக்குத் தெரியும். பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயது. திருவிடந்தையில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. அவரும் மனைவி ஞானம்மாள் அக்காவும் மட்டும்தான். ஒரே மகள் சங்கரி மஸ்கட்டில். அவருடைய ஹெரால்டும் என்னுடையதும் ஒரே வருடம். ஆனால் அவருடையதில் ஒரு கீறல் இல்லை. வீட்டுக்கு வெளியே ஷட்டர் போட்ட ஒரு கொட்டகையில் வைத்திருந்தார்.

முதல் தடவை போனபோது பானெட்டைச் சுற்றி நான் நடந்த நடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாபா, வந்ததுலேருந்து அதையே பாத்துகினு கீற? எம் பொண்ண பொண்ணு பாக்க வந்தவங்கூட இப்டி பாக்கலியே" என்றார்.

நல்ல மனிதர், மேடம். நான் அவரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லமாட்டேன். மூன்று வருடம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். வண்டிக்கு மெழுகு போடுவேன், ஆயில் மாற்றுவேன். மதியம் அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்துச் சோறு போடுவார். அவரைப் போல என்னிடம் பிரியமாக இருந்தவர்கள் குறைவு. பானெட்டை மட்டும் கேட்காதே என்பார். நான் பதினோரு தடவை கேட்டேன். பதினோராவது தடவை தோளில் கை போட்டு, "என் காலத்துக்கு அப்புறம் பானெட்டு இன்னாத்துக்கு, வண்டியவே எடுத்துகினு போ. ஞானம், கேட்டுக்கினியா? நீதான் சாட்சி" என்றார். அக்கா சமையலறையிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா பேச்சப் பாரு" என்று திட்டினார்.

அன்று திரும்பி வரும்போது எனக்கு அவ்வளவு நிம்மதி. காத்திருந்தால் போதும்.

காத்திருந்தேன். அதில்தான் ஒரு சிக்கல். எனக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். அவருக்கு பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, பல்கூட முக்கால்வாசி சொந்தப் பல். விடிந்தால் கடலோரமாகவே கோவளம் வரை நடந்துபோய்த் திரும்பி வருவார். அவருடைய அப்பா தொண்ணூற்றாறு வயது வரை இருந்தாராம். அதை அவர் பெருமையாகச் சொல்வார். நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் பதினைந்து வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்வேன். இந்த நிலவரத்தில் அவருடைய காலத்துக்கு அப்புறம் என்று ஒன்று வந்தாலும், அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். என் வண்டி அப்பள மூக்கோடு நிற்கும், விஜயகுமாரி அதை எடைக்குப் போட்டு ஃப்ரிட்ஜ் வாங்கிவிடுவாள். இதை நினைத்தாலே தூக்கம் வராது.

ஒளிக்காமல் எழுதுகிறேன், வேறு யோசனைகளும் வந்தன. மாதம் ஒரு முறை அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆரில் ஒரு சுற்றுப் போய் வருவார். அந்த ரோட்டில் யாருக்கு என்ன நேரும் என்று சொல்லமுடியாது. ஆனால் விபத்து என்றால் முதலில் நசுங்குவது பானெட்தான். அந்த யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டேன். வேறு ஒருவனாக இருந்தால் பிரேக்கில் கை வைத்திருப்பான். அந்த மாதிரி ஈவிரக்கம் இல்லாத வேலை எனக்கு ஒத்துவராது.

தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எட்டு மணி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஒரு பழக்கம். பேட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று கொட்டகைக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படிப்பார் என்று பெயர். பத்து நிமிடத்தில் பேப்பர் மூஞ்சியில் கவிழ்ந்திருக்கும், குறட்டை எஞ்சின் சத்தத்தைத் தாண்டும். ஷட்டரை எப்போதும் முழுக்கத் தூக்கித்தான் வைப்பார். கடல் காற்று வேண்டும் அவருக்கு. உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும், ஷட்டரை இறக்கி வையுங்கள் என்று நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். "காத்து இல்லாம மனுசன் எப்டிபா குந்திகினு இருக்கறது?" என்பார்.

நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தார். மெழுகு டப்பாவைத் திறந்துகொண்டு பானெட் பக்கம் குனிந்தேன். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே, பெயின்ட் லேசாக உப்பியிருந்தது. கடுகளவு. விரலால் தடவிப் பார்த்தேன். துரு.

என்னால் அதை விளக்க முடியவில்லை, மேடம். பெற்ற பிள்ளையின் கன்னத்தில் கொப்புளத்தைப் பார்த்ததுபோல இருந்தது. எத்தனை சொல்லியும் கேட்கவில்லையே இந்த மனிதர் என்று கோபமும் வந்தது. எழுந்துபோய் ஷட்டரை இறக்கினேன். உப்புக்காற்று வராமல் இருக்கத்தான்.

வெளியே நின்று ஒரு நிமிடம் பார்த்தேன். கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தது. காற்று அந்த வழியாகத்தான் அதிகம் வரும். பக்கத்தில் கோணிச்சாக்கு கிடந்தது. அதை மடித்து அடைத்தேன்.

ஏட்டு ரஞ்சித்குமார் நான் எழுதுவதை நின்று படித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே எஞ்சின் ஓடுவது உங்களுக்குத் தெரியாதா சார் என்று கேட்கிறார். தெரியும். மூடிய இடத்தில் எஞ்சின் ஓடினால் என்ன ஆகும், எவ்வளவு நேரத்தில் ஆகும் என்பதெல்லாம் தெரியும். முப்பத்தோரு வருடம் அதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினால் நான் பார்த்த வேலைக்கே அவமானம். அதனால் தெரிந்துதான் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கோயிலுக்குப் போனேன். கல்யாணம் ஆகவேண்டும் என்று மாலை போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்கள் கூட்டம் அன்றைக்கு அதிகம். அக்காவைப் பிரகாரத்தில் பார்த்தேன். அவர் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"அவரு நாஸ்தா துன்னல. ஒம்பதுக்கு இட்லி ஊத்தித் தரேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றார்.

"அதுக்குள்ள இன்னா அவசரம்க்கா? வா, சங்கரி பேருக்கு ஒரு அர்ச்சன பண்ணிட்டுப் போலாம்" என்றேன்.

வரிசை நீளமாக இருந்தது. அர்ச்சனை முடிந்ததும் இன்னொரு முறை பிரகாரம் சுற்றலாம் என்றேன். சுற்றினோம். அக்காவின் கூடையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். வெளியே வந்து காபி வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். அக்காவுக்கு முழங்கால் வலி, நடக்கவிட மனது வரவில்லை.

அக்கா வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் சாக்கை ஓரம் தள்ளினேன். ஷட்டரையும் நான்தான் தூக்கினேன். எஞ்சின் தானாக நின்றுபோயிருந்தது. கதவைத் திறந்து அவரை வெளியே எடுத்துப் படுக்கவைத்தேன். அவர் கை இன்னும் சூடாக இருந்தது. பேப்பர் மடியில் சரிந்து கிடந்தது. அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நான் அழுதேன். அது நடிப்பு இல்லை. மூன்று வருடம் அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன், அழாமல் இருக்கமுடியுமா? பாடை கட்டியது நான், தூக்கியவர்களில் முன்னால் நின்றதும் நான். பதினாறு நாளும் அந்த வீட்டிலேயே இருந்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கூட என் செலவுதான். படமும் நானே தேர்ந்தெடுத்தேன். வண்டியில் சாய்ந்துகொண்டு அவர் சிரிக்கும் படம். பானெட் அதில் தெளிவாக விழுந்திருந்தது.

இந்த இடத்தில்தான் சங்கரி வந்து எல்லாவற்றையும் கெடுத்தாள். மூன்றாம் நாள் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியவள், "அப்பா ஷட்டர எறக்கவே மாட்டாரு. எனுக்கு சந்தேகமா கீது" என்று உங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். பாசம்தான். நான் குறை சொல்லவில்லை. மறுநாளே உங்கள் ஆட்கள் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கயிற்றை எங்கே கட்டவேண்டும் என்று நான் கெஞ்சிக் கெஞ்சிக் காட்டியும் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் அக்காவே பேச்சை எடுத்தார். "சாவு வுழுந்த வண்டி, திரும்ப வூட்ல ஏத்த மாட்டோம் பரணி. அவரு சொன்ன மாரி ஒனுக்குத்தான். போலீஸ்காரங்க வுட்டதும் நீயே எடுத்துகினு போ" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டபோது மூன்று வருட அலைச்சல் தீர்ந்ததுபோல இருந்தது. நீங்கள் கேஸை முடித்து வண்டியை விடவேண்டியது மட்டும்தான் பாக்கி.

ஐந்து மாதம் ஆகிறது, மேடம். உங்கள் ஸ்டேஷன் காம்பவுண்டை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், அதனால் உங்களுக்கு உறைக்காது. நான் வெளியிலிருந்து வருகிறவன். மணல் லாரி ஒன்று, பிடித்த ஆட்டோக்கள், கொடி படர்ந்த மோட்டார் சைக்கிள்கள், நடுவில் அந்த ஹெரால்டு. தலைக்கு மேல் ஒரு இலை நிழல் இல்லை. எதிரே கடல். வாரம் ஒரு முறை பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவேன். ஒரு வாரம் பானெட்டின் மேல் ஆடு படுத்திருந்தது. ஒரு வாரம் யாரோ காக்கிச் சட்டையைத் துவைத்து அதில் காயப்போட்டிருந்தார்கள். ஈரச் சட்டை. ஒரு நாள் மனசு கேட்காமல் மெழுகு டப்பாவோடு உள்ளே வந்தேன். வாசல் சென்ட்ரி துரத்திவிட்டார்.

கடுகளவு இருந்த துரு மாசியில் மிளகளவு ஆயிற்று. சித்திரையில் சுண்டைக்காய் அளவு. போன வாரம் பார்த்தபோது அந்த இடத்தில் பெயின்ட் உதிர்ந்து தகரம் தெரிந்தது. மழைக்காலம் வந்தால் ஓட்டை விழும். பிறகு முனிசாமியாலும் ஒன்றும் செய்யமுடியாது. நேற்று முழுக்க யோசித்தேன். கேஸ் முடியாததற்குக் காரணம், ஷட்டரை இறக்கியது யார் என்று உங்களுக்குத் தெரியாததுதான். அது தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லிவிட்டால் கேஸ் முடிந்துவிடும், வண்டி வெளியே வந்துவிடும். நான் உள்ளே போனாலும் பரவாயில்லை. முனிசாமியிடம் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டியை அவர் எடுத்துப்போய், பானெட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, என் வண்டியில் மாட்டிவிடுவார். போட்டோ எடுத்து ஜெயிலுக்கு அனுப்புவதாகவும் சொல்லியிருக்கிறார். காலையில் குளித்துவிட்டு நேராக இங்கே வந்தேன். எந்தக் கட்டாயமும் இல்லாமல் நானாகவே வந்தேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை எழுதி முடித்ததும் ஏட்டு தாள்களை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "இன்னா சார் பண்ணிகினு கீறீங்க? ரிப்போர்ட்டு போன வாரமே வந்துட்டுதே. தற்செயலா நடந்ததுன்னு கேஸ மூடியாச்சு சார்" என்றார். பிறகு நீங்களே வந்தீர்கள். திங்கட்கிழமை வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று ஞானம்மாள் அக்காவுக்கு டைப் அடித்து வைத்திருந்த கடிதத்தை மேஜையில் வைத்தீர்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

அப்படியானால் திங்கட்கிழமை வண்டி வந்துவிடும் அல்லவா என்று கேட்டேன்.

"இனிமே எப்படி வரும், சார்? இது கொலைக் கேஸ். வண்டிதான் முக்கியமான சாட்சியம். விசாரணை, தீர்ப்பு, அப்பீல் எல்லாம் முடியிற வரைக்கும் அது நின்ன எடத்துல நிக்கும். பத்து வருஷமோ, பதினஞ்சு வருஷமோ" என்றீர்கள்.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். ஏட்டு கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவசரப்பட்டுவிட்டேன், மேடம். மூன்று நாள் பொறுத்திருக்கலாம். என் வாழ்க்கையில் நான் அவசரப்பட்டுச் செய்த காரியம் இது ஒன்றுதான், இதை நினைத்துத்தான் கடைசிவரை வருத்தப்படுவேன். மேலே எழுதியதெல்லாம் உண்மை. படித்துப் பார்த்து, சுயநினைவோடு கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த வண்டியின் மேல் ஒரு தார்ப்பாயாவது போட்டு மூடச் சொல்லுங்கள். மூடுகிறவர்கள் தரை வரைக்கும் இழுத்து இறுக்கிக் கட்டிவிடப் போகிறார்கள், கீழே ஒரு சாண் இடைவெளி விடச் சொல்லுங்கள். உள்ளே காற்று போகவில்லை என்றால் தாங்காது, பாவம்.